சாரற்காற்றும் காற்றாடிகளும்

தென்காசி காசிவிசுவநாதர் கோயிலுக்குள் ஆனி, ஆடி மாதங்களில் நுழைந்திருப்போர் ஒரு புதுமையை உணர்ந்திருப்பர். ராஜகோபுரத்தை நெருங்கும் வரை மேற்கிலிருந்து வரும் காற்று நம் மார்பில் மோதித் தடுக்கும். வாயிலைக் கடந்த மாத்திரத்தில் அதுவே முதுகுப்பக்கம் வந்து நின்று நம்மை உள்ளே தள்ளுவது போலிருக்கும். வெளியூர் விருந்தாளிக்குத் தென்காசிக்காரர் முதலில் காட்டுவது இந்தக் காற்றைத்தான். குற்றாலத்து அருவி அதற்கு அடுத்தபடி. சமயம் கடந்த பெருமை இது. இளங்குருவாக இப்பக்கம் வந்த என்னை அங்கு அழைத்துச் சென்று, "சாமி, இப்ப நடங்க, இப்ப நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லிக் காட்டியவர் எங்கள் பங்கின் உபதேசியார்.

அக்காற்று வரும் வழி, செங்கோட்டைக்கு மேற்கேயுள்ள ஆரியங்காவுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரு நெடுஞ்சுவர் என்று கொண்டால், தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து அச்சுவரில் மோதித் தன் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. சுவர் தாழ்ந்த இடங்களில் மட்டும் அது பீறிட்டுக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கும் தமிழ்நாட்டின் காற்று வாசல்கள். செங்கோட்டை வாசல் வழியே வரும் காற்று குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சாரலைத் தருகிறது, சிற்றாற்றை நிரப்புகிறது. ஆனால் கிழக்கே போகப்போக அந்த ஈரம் தீர்ந்துவிடுகிறது. சுரண்டை, ஊத்துமலை வட்டாரங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. குற்றாலத்தில் சாரற்காற்றாய் இருந்தது ஊத்துமலையில் வெறுங்காற்று. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் பூசலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சாரற்காற்றுக்குப் புலவர்கள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்துக்கு ஒரு குறவஞ்சியே பாடினார். நம் காலத்துக்குச் சற்று முன்னர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் குடியிருந்துகொண்டே அந்த மலையையும் கவிதையையும் தம் நண்பர்களுக்கு ஊட்டினார். வெறுங்காற்றைப் பாடியவர் யாரையும் நான் அறியேன். கண்ணில் புழுதியை அள்ளிப் போடும் காற்றை எவர்தாம் பாடுவார்!

அந்த வெறுங்காற்றுக்கும் ஒரு விலை உண்டு என்பது 1980களில்தான் தெரிய வந்தது. அதைக் கணக்கிட்டுச் சொன்னவர்களில் முதன்மையானவர் அன்னா மாணி என்னும் பெண்மணி. நமக்கு மேற்கே மலைக்கு அப்பால், பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர். இந்திய வானிலைத் துறையில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற பிறகு, நாடெங்கும் கம்பங்கள் நட்டுக் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை வழிநடத்தினார். 2001இல் மறைந்தார். எந்த ஊரில், எந்த மாதத்தில், எவ்வளவு காற்று என்று அவரும் அவரைச் சார்ந்தோரும் தொகுத்த கணக்குகளே இன்று நிற்கும் காற்றாலைகளுக்கு அடிப்படை. அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் 1986இல் எழுந்தன. தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்துகொண்ட இடம் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காடு. தலா 55 கிலோவாட் திறனுள்ள பத்து இயந்திரங்கள். பின்னர் டென்மார்க் அரசின் உதவியுடன் கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாயிலிலுள்ள முப்பந்தலிலும் பெரிய இயந்திரங்கள் வந்தன. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்று மட்டும் அதுவரை அறியப்பட்ட கயத்தாறு, காற்றாடி ஊர் என்றும் பெயர் பெற்றது. குருமட மாணவனாக மதுரைக்கும் நெல்லைக்கும் இடையே பேருந்தில் போய்வந்த நாட்களில், கயத்தாறு நெருங்கியதும் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்துச் சன்னல் பக்கம் சாய்வதைக் கண்டிருக்கிறேன். தாய்மார் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுவர். நின்றிருக்கும் ஒன்றைக் கண்டால், "அது ஏன் சுத்தலை?" என்று ஒரு குழந்தை தவறாமல் கேட்கும். யாருக்கும் சரியான விடை தெரியாது. திரைப்படக்காரர்கள் பாடல் காட்சிகளுக்கு அவ்விடங்களைத் தேடிப் போனார்கள். வியப்பின் காலம் என்று அதைச் சொல்லலாம்.

அதே காலத்தில் தென்காசியின் வானத்தில் வேறொன்று எழுந்தது. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயிலின் கோபுரம் தீயினாலும் இடியினாலும் சிதைந்து, பல தலைமுறைகளாக மொட்டைக் கோபுரமாகவே நின்றது. அது ஒன்பது நிலைகளோடு, ஏறத்தாழ 180 அடி உயரத்தில் மீண்டும் கட்டப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. இன்று நாற்பது வயதுக்குக் குறைந்த எவருக்கும் கோபுரமில்லாத தென்காசியின் நினைவு இல்லை. மொட்டைக் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்த முதியோர் சிலர், புதியது எழுந்தபோது ஊரே அந்நியமாகிவிட்டது போலிருந்தது என்று என்னிடம் சொன்னதுண்டு. நிலக்காட்சி என்பது மண்ணில் பாதி, பழக்கத்தில் பாதி.

தென்காசிச் சமவெளிக்குக் காற்றாடிகள் சற்றுப் பிந்தியே வந்தன. வந்தபோது அவற்றோடு தரகர்களும் வந்தனர். 1990களில் காற்றாலை வாங்குவோர் அதன் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடமளித்தது. ஆகவே நூற்பாலைக்காரரும், சிமெண்டுக்காரரும், காற்றைப் பற்றி ஏதும் அறியாதவரும் காற்றாலை வாங்கினர். சட்டம் பிறகு பலமுறை மாறியது. ஆனால் நிலத்தின் மீது விழுந்த கண் மாறவில்லை. எள்ளும் உளுந்தும் மழையை நம்பி விளைந்த புஞ்சை, ஆட்டுக்கிடைக்கு மட்டுமே ஆன தரிசு, இவற்றுக்குக் கேட்டறியாத விலை கிடைத்தது. விற்றவர்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்தார்கள், கடனை அடைத்தார்கள், ஓட்டு வீட்டைத் தட்டோட்டு வீடாக்கினார்கள். அக்காலத்தில் காற்றாடியைப் பழித்து ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை. ஒரு காற்றாடிக்கு ஒரு காவல்காரர் வேலை என்று சிலருக்கு மாதச் சம்பளமும் வந்தது.

பழிச்சொல் பின்னரே வந்தது. 2012இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அரசே வறட்சியை அறிவித்தது. அப்போது சுரண்டைக்குக் கிழக்கே ஒரு கிராமப் பங்கில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அதே ஆண்டில்தான் தமிழகத்தின் மின்வெட்டும் உச்சத்தில் இருந்தது. சிற்றூர்களில் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இராது. மாநிலத்தின் காற்றாலைத் திறனோ ஏறத்தாழ 7000 மெகாவாட், இந்தியாவிலேயே முதலிடம். எங்கள் ஊர் நிலையை எண்ணிப் பாருங்கள். வாசலில் நின்று பார்த்தால் காற்றாடி சுழல்கிறது. வீட்டுக்குள் விளக்கு எரியவில்லை. கிணற்றில் மோட்டார் ஓடவில்லை. கிணற்றில் நீரும் இல்லை.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "காத்தாடி வந்த பொறவு மழயே இல்ல சாமி. மேகம் வருது, இந்த றெக்க அடிச்சி வெரட்டிருது. நீங்க மேல எழுதிப் போடுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமோதித்தனர். நான் சிரித்துவிட்டேன். அதோடு நில்லாமல், அடுத்த ஞாயிறு மறையுரையில், படித்த பிள்ளைகள் உள்ள ஊரில் இத்தகைய மூடநம்பிக்கை கூடாது என்று அரைமணி நேரம் அறிவியல் பேசினேன்.

நான் பேசிய அறிவியல் தவறன்று. அதை இங்கே மீண்டும் சொல்வதில் வெட்கமில்லை. மழை மேகம் பல நூறு மீட்டருக்கு மேலே, பெரும்பாலும் ஆயிரத்துக்கும் மேலே போகிறது. அன்றைய காற்றாடியின் சிறகு நுனி நூறு மீட்டர் உயரத்தைச் சுற்றியே நின்றது. அதைவிட முக்கியமானது காலம். எங்கள் குளங்களை நிரப்புவது ஐப்பசி, கார்த்திகையில் கீழ்த்திசையிலிருந்து வரும் மழை. காற்றாடி வேகமாகச் சுழல்வதோ வைகாசி முதல் புரட்டாசி வரை, மேல்காற்றில். நமக்கு மழை வரும் மாதங்களில் அது பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். சோம்பிக் கிடப்பது எதை விரட்டும்? இதே நம்பிக்கை 2003, 2004 வறட்சியில் மகாராஷ்டிரத்தின் சாங்லி, சாத்தாரா பகுதிகளிலும் எழுந்தது. மொழி வேறு, மண் வேறு, குற்றச்சாட்டு ஒன்றே. ஆயினும் ஒன்றை நேர்மையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் செயற்கைக்கோள் அளவுகளைக் கொண்டு செய்து 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பெருங்காற்றாலைப் பண்ணைகளின் அடியில் இரவுநேரத் தரைவெப்பம் சிறிதளவு கூடுவதைக் காட்டியது. மேலும் கீழுமுள்ள காற்றைச் சிறகுகள் கலக்குவதால் வருவது அது. மழைக்கும் அதற்கும் தொடர்பு சொல்லவில்லை. ஆனால் காலடியில் ஏதோ மாறுகிறது என்று உழவன் சொன்னால், அதைக் கேட்ட உடனே சிரிப்பது அறிவியலாகாது.

என் சிரிப்புக்கு 2014 ஐப்பசி விடை சொன்னது. நல்ல மழை. பக்கத்து ஊர்க் குளங்கள் பெருகி மறுகால் பாய்ந்தன. எங்கள் ஊர்க் குளம் பாதிகூட நிரம்பவில்லை. அதே முதியவர் வந்து, "வாங்க சாமி" என்று மட்டும் சொல்லி முன்னே நடந்தார். குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையைப் பிடித்து ஏறத்தாழ ஒரு மைல் மேற்கே போனோம். அங்கே காற்றாடியின் சிறகுகளையும் பாரந்தூக்கியையும் கொண்டுபோவதற்காக அகலமான செம்மண் சாலை ஒன்று போடப்பட்டிருந்தது. ஓடையின் குறுக்கே அது மேடாகச் சென்றது. அடியில் நீர் போகக் குழாய் இல்லை. தண்ணீர் அந்த மேட்டில் முட்டி, வடக்கே திரும்பி, வேறொருவர் பருத்தியை அழித்துவிட்டு எங்கோ போயிருந்தது. சாலை போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நடுவில் பெருமழை இல்லாததால் ஒருவர் கண்ணிலும் அது உறுத்தவில்லை. முதியவர் அப்போதும் வாதாடவில்லை. "காத்தாடிதான் தண்ணிய வெரட்டுதுன்னு சொன்னம்லா" என்றார். அவர் சொன்னது மேகத்தை. நாங்கள் கண்டது ஓடையை. ஆனால் அவர் நெடுநாள் மனத்தில் வைத்திருந்த கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்று அவருடைய ஊரிலிருந்து எடுத்துப் போகப்பட்டது. பதிலுக்கு ஏதும் வரவில்லை. அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த மொழி மழை.

அன்றிரவு, திருச்சபை வரலாற்று வகுப்பில் படித்து மறந்திருந்த ஒரு நிகழ்ச்சி எனக்கு நினைவுக்கு வந்தது. 1191ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடம். அதன் ஆதீனத் தலைவர் சாம்சன். அவருக்குக் கீழிருந்த ஹெர்பர்ட் என்னும் முதிய குரு ஒருவர் தம் நிலத்தில் ஒரு காற்றாலை கட்டி மாவரைக்கத் தொடங்கினார். காற்றாலை அப்போதுதான் ஐரோப்பாவில் பரவிவந்த புதுமை. சாம்சனுக்குக் கடுங்கோபம். மடத்துக்குச் சொந்தமான ஆலைகள் இருந்தன. அங்கே அரைத்துக் கூலி கொடுக்க வேண்டிய மக்கள் ஹெர்பர்ட்டிடம் போய்விடுவார்கள். ஹெர்பர்ட்டோ, காற்று யாருக்கும் சொந்தமன்று, அதன் பயனை எவருக்கும் மறுக்கலாகாது, தாம் தம் தானியத்தை மட்டுமே அரைக்கப்போவதாக வாதாடினார். அந்த ஆலை இடிபடும் வரை உண்ணமாட்டேன் என்று ஆதீனத் தலைவர் ஆணையிட்டதாக மடத்துத் துறவியான ஜோசலின் எழுதி வைத்திருக்கிறார். தலைவரின் ஆட்கள் வருவதற்குள் ஹெர்பர்ட் தாமே ஆலையைப் பிரித்துப் போட்டுவிட்டார். சில ஆண்டுகளுக்குள் திருத்தந்தை மூன்றாம் செலஸ்தீன், காற்றாலை வருமானத்துக்கும் தசமபாகம் உண்டு என்று தீர்ப்பளித்தார். நெதர்லாந்தில் நிலப்பிரபுக்கள் காற்றுக்கே வரி வாங்கினர். இன்று அந்நாட்டின் பழைய காற்றாலைகள் அழகின் சின்னம். 1997இல் கிண்டர்டைக் காற்றாலைகள் உலகப் பாரம்பரியச் சொத்தாயின. தொடக்கத்தில் அவற்றைச் சுற்றி நடந்த சண்டையோ அழகைப் பற்றியதாக இல்லை. காற்று யாருடையது, கூலி யாருக்கு என்பதே.

அபாட் சாம்சன் மீது எனக்கு மரியாதை உண்டு. கடனில் மூழ்கிய மடத்தை மீட்டவர் அவர். ஆனாலும் அன்று நான் ஹெர்பர்ட் பக்கமே நின்றேன். அரைமணி நேரம் மறையுரை ஆற்றியபோது நான் நின்ற இடம் எது என்றும் எண்ணிக்கொண்டேன்.

காற்றிலிருந்து ஊருக்குப் பங்கு என்பது நடவாத கனவன்று. டென்மார்க்கில் காற்றாலைகளின் தொடக்கமே ஊர்க்கூட்டுறவுகள்தாம். அங்கு 2009இல் நடைமுறைக்கு வந்த சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 விழுக்காட்டை முதலில் சுற்றுப்புறத்தில் 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. 2020இல் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டது. அவ்வளவு தொலைவு போவானேன்? கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாய்ச் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டது. பாலக்காட்டு வாசல் வழி வரும் காற்று அவ்வூருக்காக உழைத்தது; மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று ஊராட்சி தன் செலவுகளைச் சமாளித்தது. அந்த ஊரில் காற்றாடியைப் பார்த்து யாரும் மழை விரட்டி என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். அது ஊரார் சொத்து. எங்கள் செங்கோட்டை வாசலின் காற்று இத்தனை ஆண்டுகளாக யாருக்கு உழைக்கிறது என்பதைக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து நாங்கள் அறிய முடியாது.

மின்வெட்டுக் காலம் கழிந்தபோது மனப்போக்கும் ஒருவாறு திரும்பியது. ஆனி பிறந்து மேல்காற்று எழுந்ததும் மின்வெட்டு குறைவதை மக்கள் தாமே கண்டிருந்தார்கள். "காத்து வந்துட்டு, இனி கரண்ட் இருக்கும்" என்பது டீக்கடைப் பேச்சாயிற்று. பின் 2016இல் வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தபோது பழைய பழிச்சொல் மீண்டும் எழுந்தது. அடுத்த நல்ல மழையில் மறைந்தது.

இப்போது நிலைமை வேறு. தென்காசி 2019இல் தனி மாவட்டமாயிற்று. ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போய்ப் பாருங்கள். சூரியகாந்தி வயல்களில் கேரளத்திலிருந்து வந்த குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. படத்தின் பின்னணியில் மலை. மலைக்கு முன்னே வெள்ளைக் காற்றாடிகள். காற்றாடி விழாத கோணத்தைத் தேடுவார் இல்லை; விழும் கோணத்தையே தேடுகிறார்கள். ஆரியங்காவுக்கு அப்பால் ரயில்பாதைக்காக ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுப்பிய பதின்மூன்று கண் பாலத்தையும் இன்று இப்படித்தான் படமெடுக்கிறார்கள். திருமணப் படங்களிலும் காற்றாடி வந்துவிட்டது. என் பங்கின் இளைஞன் ஒருவன், காற்றாடி இல்லாத ஊரில் தூங்கினால் ஏதோ குறைகிறது, அந்த "ஊஷ்" என்ற ஓசை வேண்டியிருக்கிறது என்றான். அவனுடைய பாட்டியோ அதே ஓசையால் இருபதாண்டுகளாகத் தூக்கம் கெட்டவள்.

கடந்த ஆனியில் அந்தப் பழைய பங்குக்கு ஒரு திருமணத்துக்காகப் போயிருந்தேன். முதியவர் இல்லை; நான்கு ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்தார். ஊருக்கு மேற்கே பாரந்தூக்கி ஒன்று நின்றது. பழைய சிறு காற்றாடிகளைக் கழற்றி அவ்விடத்தில் பெரியவற்றை நிறுவவும், பழையவற்றின் ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. முதலிடம் மட்டும் குஜராத்துக்குப் போய்விட்டது. புதிய இயந்திரங்களின் அச்சு மட்டுமே 120 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் நிற்கும். தென்காசிக் கோபுரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதல். அன்று கீழிறக்கிய சிறகைப் பார்க்க ஊரே கூடியிருந்தது. தரையில் கிடந்தபோது அது எவ்வளவு நீளம் என்று எல்லாரும் வியந்தனர். ஒரு கிழவி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாவம், ஓடி ஓடித் தேஞ்சிட்டு" என்றாள். முன்பு அதையே திட்டித் தீர்த்தவள் அவள்.

முதியவரின் மருமகள் என்னைத் தனியே அழைத்தாள். "புதுக் காத்தாடிக்கு இன்னும் பெரிய ரோடு போடப்போறாகளாம் சாமி. இந்தத் தடவையாவது ஓடைக்குக் குழாய் வைப்பாகளா?" என்று கேட்டாள். பழைய மேட்டை ஊரார் தாமே ஓரிடத்தில் வெட்டிவிட்டிருந்தனர். ஒவ்வொரு மழைக்கும் அது தூர்ந்துபோகும், மீண்டும் வெட்டுவார்கள். பந்தலில் விருந்து முடிந்த பிறகு, அவளும் அவள் கணவனும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்து, ஆகஸ்டு 15ஆம் நாள் கிராமசபைக்கு ஒரு மனு எழுதினோம். ஓடை குறுக்கிடும் இடத்தை மகன் தாளில் வரைந்தான். முதற்கோரிக்கை, சாலைக்கு அடியில் நீர்வழி. இரண்டாவதாக, ஓடந்துறையைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டு, ஊராட்சிக்கும் ஒரு பங்கு கேட்கலாமா என்றான் அவன். "கேட்டா சிரிப்பாகளோ?" என்றாள் மருமகள். எழுதச் சொன்னேன்.